நாற்பதாம் நம்பர் மனையில் நாலு முட்டை

திருப்பதியிலிருந்து சந்திரகிரி போகிற சாலையில், வீடுகள் முடிந்து மாந்தோப்புகள் தொடங்குகிற இடத்தில், மனை போட்டு விற்கிற ஒரு நிலத்துக்கு நான் வாட்ச்மேன். வரிசையாகக் கல் நட்ட மனைகள், ஒரு வேப்பமரம், ஒரு தகரக் கொட்டகை, வாசலில் ஒரு வளைவு, வளைவின் மேல் இரண்டு சிமெண்ட் யானைகள். இவ்வளவுதான் என் பொறுப்பு. நிலத்தை யாரும் சுருட்டி எடுத்துக்கொண்டு போக முடியாது. யானைகளைத் தூக்க ஆள் பத்தாது. ஆகவே எனக்கு வேலை குறைவு. அதைவிட முக்கியம், யாரிடமும் பேச வேண்டியதில்லை.

நான் கூச்சக்காரன். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் "நிறுத்துங்க" என்று சொல்ல வராது. வேறு யாராவது அங்கே இறங்கினால் அவர் பின்னாலேயே இறங்கிவிடுவேன். இல்லாவிட்டால் அடுத்த ஊர். நாராயணவனத்தில் என் மச்சினி கல்யாணத்துக்குப் போனபோது இப்படித்தான் ஊத்துக்கோட்டை வரைக்கும் போய்விட்டேன். நான் திரும்பி வந்து சேர்ந்தபோது தாலி கட்டியாகி, பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். அஞ்சாவது வரைக்கும் படித்தேன். "உள்ளேன் ஐயா" சொல்ல வெட்கப்பட்டே பாதி நாள் ஆப்சென்ட் ஆனேன். எழுதுவது எனக்குப் பரவாயில்லை. காகிதம் நம் முகத்தைப் பார்ப்பதில்லை.

இப்படிப்பட்டவனுக்கு அந்த நிலத்தில் ஒரு கூட்டாளி இருந்தது. ஆள்காட்டிக் குருவி. குருவி என்று பெயர்தானே தவிர, புறாவைவிடக் கொஞ்சம் பெரிது. நீண்ட மஞ்சள் கால். கறுத்த கழுத்து, வெள்ளை வயிறு. கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரு சதை, வெற்றிலை போட்டவன் வாயைத் துடைக்க மறந்த மாதிரி. அது மரத்தில் உட்காராது. தரையிலேயே நடக்கும், தரையிலேயே நிற்கும். ஆள் யாராவது கண்ணில் பட்டால் போதும், "டிட்டிட்டூயி, டிட்டிட்டூயி" என்று ஊரைக் கூட்டிவிடும். வாட்ச்மேன் வேலையை என்னைவிட ஒழுங்காகச் செய்தது அதுதான்.

அதில் எனக்கு ஒரு சங்கடமும் இருந்தது. விடியற்காலையில் சொம்பை எடுத்துக்கொண்டு வேலிப் புதர்ப் பக்கம் ஒதுங்கப் போவேன். கூச்சக்காரன் ஒருவன் உலகத்தில் யாருக்கும் தெரியாமல் செய்ய விரும்புகிற காரியம் அது. சரியாக நான் உட்காரும்போது ஒரு குருவி தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தும். உடனே அதன் ஜோடியும் வந்து சேர்ந்துகொள்ளும். சாலையில் பால் கேனோடு போகிறவன் சைக்கிளை நிறுத்தி, என்ன விஷயம் என்று எட்டிப் பார்ப்பான்.

சித்திரை வெயிலில் ஒருநாள், வாங்க வருகிறவர்கள் பார்ப்பதற்காக மனைகளைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூள் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். நாற்பதாம் நம்பர் மனைக்கு வந்தபோது அந்தக் குருவி எனக்கு முன்னால் இறக்கை ஒடிந்ததுபோல இழுத்துக்கொண்டே ஓடியது. ஐயோ பாவம் என்று சுண்ணாம்புச் சட்டியை வைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன். நான் நின்றால் அதுவும் நிற்கும். நான் நடந்தால் அதுவும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கும். வேலி வரைக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு, விர்ரென்று பறந்து போய்விட்டது. இறக்கையில் ஒரு குறையும் இல்லை. ஏமாந்தவன் திரும்பி வந்து சட்டியை எடுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். சட்டிக்கு ஒரு சாண் தள்ளி, சரளைக் கல்லுக்கு நடுவில் நாலு முட்டை. கூடு ஒன்றும் கிடையாது. கல்லைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு அப்படியே இட்டிருந்தது. மண் நிறத்தில் கறுப்புப் புள்ளி. நாலும் கூர்முனையை உள்பக்கம் வைத்து, நாலு பேர் தலையைச் சேர்த்து ரகசியம் பேசுவதுபோலக் கிடந்தன. இன்னும் இரண்டு எட்டு வைத்திருந்தால் என் செருப்புதான் அவற்றுக்கு எமன்.

கோட்டை நேராகப் போட்டால் முட்டை மேல் போகும். ஆகவே அந்த இடத்தில் மட்டும் வளைத்துப் போட்டேன்.

சாயங்காலம் ஓனர் காரில் வந்து இறங்கினார். அவர் தெலுங்குக்காரர். என்னிடம் மட்டும் தமிழ் பேசுவார், அதில் பாதி தெலுங்கு.

"ஏமய்யா, எல்லா கோடும் நேரா கீது, இது மட்டும் ஏன் வயித்த தள்ளிக்கினு நிக்கிது?"

நான் சொன்னேன், "சரி சார்."

இதுதான் அவரிடம் எப்போதும் நான் சொல்கிற பதில். பல கேள்விகளுக்கு அது பொருந்தும். இதற்குப் பொருந்தவில்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, போனில் யாரோ கூப்பிட்டதால் போய்விட்டார்.

அன்று முதல் எனக்கு உண்மையாகவே காவல் வேலை வந்துவிட்டது. காக்காயை விரட்ட வேண்டும். மாந்தோப்பிலிருந்து வருகிற கீரியை விரட்ட வேண்டும். வெயில் ஏறினால் கல்லில் கால் வைக்க முடியாது. ஓட்டையான சிமெண்ட் சட்டி ஒன்றில் ஓட்டையை அடைத்து, தண்ணீர் ஊற்றி, கொஞ்ச தூரத்தில் வைத்தேன். அந்தக் குருவி என்ன செய்தது தெரியுமா? வந்து குடித்தது, சரி. பிறகு சட்டிக்குள் இறங்கி உட்கார்ந்து, வயிற்றுச் சிறகெல்லாம் நனைத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட ஓடிப்போய் முட்டை மேல் உட்கார்ந்தது. முட்டையைக் குளிர வைக்கிறதாம். கொஞ்ச நேரத்தில் ஜோடி வந்து இடத்தை மாற்றிக்கொள்ளும். அதுவும் நனைந்த வயிற்றோடு வரும். இதைப் பார்த்துக்கொண்டே நான் சோற்றை ஆறவிட்டுவிடுவேன்.

எப்போது பொரியும் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், பொரிகிற வரைக்கும் அந்த இடத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாற்பதாம் நம்பரைப் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. புருஷன், பெண்டாட்டி, பட்டுப்புடவையில் அவருடைய மாமியார். ஓனர் முன்னால் நடந்து, கிழக்குப் பார்த்த மனை, மலை தெரிகிறது, காலையில் எழுந்தால் ஏழுமலையான் தரிசனம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர்கள் கல் தாண்டிக் கால் வைத்ததுதான் தாமதம். இரண்டு குருவிகளும் கிளம்பி, மாமியார் தலைக்கு நேராகக் கீழே இறங்கி இறங்கி ஏறின. அந்த அம்மாள் முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு அலறினார்.

"அய்யோ, தீத்துவு பிட்ட! இதி அரிஸ்தே இல்லு பாடவுத்துந்தி! மனக்கொத்து, பதண்டி!"

தெலுங்கில் பிட்ட என்றால் பறவை, இந்தக் குருவிக்குத் தீத்துவு என்று பெயர். அது தலைமேல் கத்தினால் வீடு விளங்காது என்று அந்தப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. மூன்று பேரும் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஓனர் கொண்டுவந்த இளநீர் அப்படியே இருந்தது.

கார் போன புழுதி அடங்கியதும் ஓனர் என் பக்கம் திரும்பினார். "கங்கம்மா ஜாத்தர முடிஞ்ச மறுநாளு ஜேசிபி வருது. இந்த பிளாட்ட வழிச்சி மட்டம் பண்ணிட சொல்லு. பிட்டயும் வேணாம், கிட்டயும் வேணாம். புரிஞ்சிதா?"

நாலு முட்டை இருக்கிறது சார், கொஞ்ச நாள் பொறுங்க சார். இவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

"சரி சார்," என்றேன்.

ஜேசிபி ஓட்டுகிறவர் சத்தியவேடு பக்கத்து ஆள், நம்ம தமிழ்தான். அவரிடம் எனக்குக் கொஞ்சம் பேச வரும், அவர் என் முகத்தைப் பார்க்காமல் டீ குடிப்பவர் என்பதால். கடையில் பார்த்து விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னாண்ணா நீ," என்றார். "ஓனரு வழின்னா வழிச்சிட்டு போயிக்கினே இருப்பேன். குருவி முட்ட வெச்சிக்கீதுன்னு வண்டிய திருப்ப முடியுமா? வாடகைய குருவியா குடுக்கும்? நீ ஓனராண்ட ஒரு வார்த்த சொல்லு."

"எனக்கு வராதுப்பா."

"அப்ப குருவிய சொல்ல சொல்லு. அதுக்குதான் நல்லா வாய் கீதே."

இனி என் வீட்டுக்காரி வேண்டுதலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் மலைக்குப் போகிற ஜனங்கள் தங்குகிற லாட்ஜில் ரூம் பெருக்குகிறாள். அவளுக்கு வாய் உண்டு. இரண்டு பேருக்கான வாய். தங்கச்சி கல்யாணத்தில் நான் ரசத்துக்கு வந்து சேர்ந்த அன்றே அவள் கங்கம்மாவிடம் வேண்டிக்கொண்டாள்: "இந்த ஆளுக்கு ஒரு வாய குடு தாயே, மூணு வருசம் ஜாத்திரையில வேஷம் கட்ட வெக்கிறேன்." வேண்டிக்கொண்டது அவள். கட்ட வேண்டியவன் நான்.

திருப்பதியில் கங்கம்மா அம்மன் திருவிழாவுக்கு ஜாத்திரை என்று பெயர்; அதில் ஆண்கள் வேஷம் கட்டுவது வழக்கம். ஒரு நாளைக்கு ஒரு வேஷம். உடம்பெல்லாம் கரி பூசி, வேப்பிலை கட்டிக்கொண்டு வருகிற நாளில், எதிரில் வருகிறவர்களைக் கண்டபடி திட்ட வேண்டும். திட்டு வாங்குகிறவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கும்பிட்டு வாங்கிக்கொள்வார்கள். வேஷம் கட்டியவன் வாயில் வருவது அம்மன் வார்த்தை. எவ்வளவு காரமாகத் திட்டினால் அவ்வளவு நல்லது.

முதல் வருஷம் நான் கரியைப் பூசிக்கொண்டு ஒரு சுவரோரமாக நின்றுவிட்டு வந்தேன். இரண்டாம் வருஷம் ஒரு பெரியவர் என் முன்னால் வந்து கைகட்டி நின்றார். பயந்துகொண்டே, "உங்களுக்கெல்லாம் அறிவு இருக்குங்களா?" என்றேன். அவர் இன்னும் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. ரேணிகுண்டாவிலிருந்து இதற்காகவா வந்தேன் என்று முணுமுணுத்துக்கொண்டே அடுத்த வேஷக்காரனிடம் போய்விட்டார்.

இது மூன்றாம் வருஷம், கடைசி வருஷம். காலையில் என் முதுகுக்குக் கரி பூசிக்கொண்டே அவள் பாடம் நடத்தினாள்.

"எங்க, என்னிய திட்டு பாக்கலாம்."

"உன்ன எப்டி மே திட்றது?"

"நான் செஞ்சதுல எதுனா புடிக்காததா சொல்லு. உள்ள கெடக்கறத வெளிய கக்கு."

யோசித்துப் பார்த்தேன். "நேத்து கொழம்புல உப்பு கொஞ்சம் கம்மி."

"த்தூ! இது திட்டா? லாட்ஜில பில்லு கட்றவன் கூட இத்தவிட காட்டமா பேசறான். யோவ், இன்னிக்கி ஒருத்தனையாவது வாயார திட்டாம வூட்டுப் பக்கம் வந்துடாத. கங்கம்மாவுக்கு நான் இன்னா பதிலு சொல்றது?"

எனக்கு அவள் பேச்சு பாதிதான் காதில் விழுந்தது. இன்றோடு ஜாத்திரை முடிகிறது, நாளை ஜேசிபி. மனசெல்லாம் நாற்பதாம் நம்பரில் இருந்தது.

கோயில் தெருவில் தலைகள்தான் தெரிந்தன. தப்பட்டைச் சத்தம், வேப்பிலை வாசனை, வெயில். இரண்டு பெண்களைப் பார்த்துத் திட்டலாம் என்று வாயைத் திறந்து, அவர்கள் நல்லவர்களாகத் தெரிந்ததால் மூடிக்கொண்டேன். என் வீட்டுக்காரி பின்னாலிருந்து விரலால் முதுகில் குத்திக்கொண்டே வந்தாள். அப்போது ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என் முன்னால் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையக் குங்குமம், பின்னால் மனைவி மக்கள். கையைக் கூப்பி, கண்ணை மூடி, தலையைக் குனிந்தார்.

என் ஓனர்.

"திட்டு தல்லி," என்றார்.

எனக்குள் என்ன நடந்தது என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவர் கண்ணை மூடியிருந்தது ஒரு காரணமாக இருக்கலாம்.

"டேய்!" என்றேன். தப்பட்டை அடித்தவர் ஒரு அடியை விட்டுவிட்டார். "டேய் தடிமாடு! கண்ணு தெரியலியாடா உனுக்கு? நாலு முட்ட கீதுடா அங்க! வெயில்ல வயித்த நனச்சிக்கினு வந்து வந்து அடகாக்குதுடா அது, ரெண்டு ஜீவனும் மாறி மாறி! அதும் மேல ஜேசிபிய உட்றியா பன்னாட? நீ கல்லு நட்டா நெலம் உன்துதா? நீ பொறக்கறதுக்கு முன்னியே அது அங்க கத்திக்கினு இருந்துதுடா சோமாரி! குஞ்சி எறங்கி போற வரைக்கும் எவனாவது அங்க கால வெச்சீங்க, மூதேவி, நடக்கறதே வேற!"

நிறுத்தியபோது எனக்கு மூச்சு வாங்கியது. என் வீட்டுக்காரி குத்திக்கொண்டிருந்த விரல் அந்தரத்தில் நின்றது. ஓனர் கண்ணைத் திறக்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. "தல்லி, தாயே" என்று நடுத்தெருவில் என் காலில் விழுந்தார். எழுந்தவர் நெற்றியில் என் கரி.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

மறுநாள் ஜேசிபி வரவில்லை. ஓனர் வந்தார். கூடவே மூன்று கார். தேங்காய், மஞ்சள், குங்குமம், பூமாலை, ஒரு பித்தளைத் தட்டு. என்னைத் தனியாகக் கொட்டகைப் பக்கம் அழைத்துப் போனார்.

"நேத்து வேஷம் கட்னது நீதானே?"

"சரி சார்," என்றேன்.

"கால்ல வுழுந்து எந்திரிச்சப்ப பாத்தேன், காது பின்னால கரி பூசல நீ. அப்பவே தெரிஞ்சிபோச்சி." தோளில் கை வைத்தார். "வேற எவனாவது சொல்லிருந்தா, எவனோ கிட்ட கேட்டுக்கினு சொல்றான்னு நெனச்சிருப்பேன். நீ எங்கிட்ட வேலைக்கி வந்ததிலிருந்து 'சரி சார்' தவிர ஒண்ணு சொன்னதில்ல. நுவ்வு, நீ, என்னிய தடிமாடுன்னு சொல்லுவியா? உனக்கு எங்க அவ்ளோ தைரியம்? அது அம்மவாரேதான்யா. சத்தியமா அம்மவாரே."

என் கோழைத்தனமே சாட்சியாகப் போய்விட்டது.

சரி, முட்டை பிழைத்தது என்று நினைத்தேன். அங்கேதான் தப்புக் கணக்கு. ஜேசிபியாவது ஒன்றுதான் வந்திருக்கும். பக்தர்கள் பத்துப் பதினைந்து பேர். முட்டையைச் சுற்றி நின்று மஞ்சள் தூவினார்கள், குங்குமம் போட்டார்கள். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் போனை நீட்டிப் படம் எடுத்தார். ஓனர் கற்பூரம் ஏற்றத் தட்டைத் தயார் செய்தார். இங்கேயே ஒரு சின்ன மேடை கட்டிவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். மேலே இரண்டு குருவிகளும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு சுற்றின. அம்மனே வந்து கூவுகிறாள் என்று ஒரு அம்மாள் குலவையிட்டாள்.

வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. கல் சுடத் தொடங்கிவிட்டது. ஒரு குருவி சட்டியில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, இறங்க இடமில்லாமல், ஒரு கல் மேல் நின்று பார்த்தது. நனைந்த வயிறு காய்ந்துபோயிற்று. மறுபடி போய் நனைத்துக்கொண்டு வந்தது. மறுபடி காய்ந்தது.

என் முகத்தில் கரி இல்லை. எல்லாரும் கண்ணைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

"சார்," என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. குருவிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

"சார்! எல்லாரும் கொஞ்சம் தள்ளிப் போங்க சார். அது உக்காரணும். முட்ட வெந்துடும்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓனர் கற்பூரத் தட்டோடு என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, மரியாதையாகக் கேட்டார்.

"இது யாரு சொல்றது? நீயா, அம்மவாரா?"

அம்மன் என்று சொல்லியிருந்தால் அத்தனை பேரும் அந்த நிமிஷமே ஓடியிருப்பார்கள். நானும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நேற்று வேஷம் இருந்தது, அதன் பேரில் வந்தது வந்துவிட்டது. இன்று சட்டை பேன்ட்டோடு நின்றுகொண்டு கங்கம்மா பேரில் பேச எனக்குப் பயமாக இருந்தது. ஓனரைவிட அவள் கோபக்காரி.

"நான்தான் சார்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். மேலே கத்துகிற குருவியைப் பார்த்தார். மறுத்துவிட்டால் அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தையும் பாக்கி இல்லை.

"சரிப்பா," என்றார்.

கூட்டத்தை வளைவு வரைக்கும் அவரே ஓட்டிக்கொண்டு போனார். கற்பூரத்தைச் சிமெண்ட் யானைகளுக்குக் காட்டிவிட்டு, தேங்காயையும் அங்கேயே உடைத்தார்கள். குருவி நனைந்த வயிற்றோடு மஞ்சள் குங்குமத்தின் மேல் உட்கார்ந்தது. அப்புறம் இரண்டு நாள் அதன் வெள்ளை வயிறு மங்களகரமாக இருந்தது.

அந்த வாரத்திலேயே ஒரு காலையில் மூன்று பொரிந்தன. ஒன்று பொரியவில்லை. பஞ்சு உருண்டைக்குக் கால் வைத்த மாதிரி மூன்று குஞ்சு. ஈரம் காய்ந்ததும் எழுந்து, தாய்க்குப் பின்னால் நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று ஒரு கல்லையும் மதிக்காமல் குறுக்காகவே நடந்து மாந்தோப்புக்குள் போய்விட்டன. வழியனுப்ப இரண்டு எட்டு முன்னால் போனேன். தகப்பன் குருவி திரும்பி வந்து என் தலையில் இறங்கியது. நன்றி என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

நாற்பதாம் நம்பர் மனையைப் பிறகு யார் வாங்கினார்கள் என்றால், அந்த மாமியார்தான். அம்மவாரே வாய் திறந்து பேசிய மனை என்று ஓனர் சொல்லிச் சொல்லி விலையையும் ஏற்றிவிட்டார். ஜேசிபி வந்து மட்டம் பண்ணியது. இப்போது அஸ்திவாரம் போட்டிருக்கிறார்கள். குருவிகள் இப்போது அறுபதாம் நம்பர்ப் பக்கம் மேய்கின்றன. அடுத்த சித்திரையில் எங்கே இடும் என்று தெரியவில்லை. விற்காத மனையாகப் பார்த்து இட வேண்டும்.

போன மாதம் நாராயணவனத்தில் இருக்கிற மச்சினி வீட்டுக்கு நானும் என் வீட்டுக்காரியும் பஸ்ஸில் போனோம். புத்தூர் தாண்டியதும் அவள் என்னை விலாவில் இடித்தாள். "வேண்டுதல் தீந்துபோச்சி. இன்னிக்கி நீதான் நிறுத்த சொல்ற." ஜன்னல் வழியாக ஒரு கோபுரம்போல ஏதோ தெரிந்ததும் எழுந்து நின்று, "நிறுத்து! ஆளு எறங்கணும்!" என்று கத்தினேன். டிரைவர் பயந்து பிரேக் அடித்தார். கண்டக்டர் மரியாதையாகக் கதவைத் திறந்துவிட்டார். இறங்கினோம். பஸ் போய்விட்டது.

அது நாராயணவனம் இல்லை. கோபுரம் என்று நான் பார்த்தது ஒரு தண்ணீர்த் தொட்டி. சுற்றிலும் காய்ந்த கடலைக்காய்க் கொல்லை.

அவள் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். "வாய கேட்டேன், குடுத்துட்டா. கண்ணயும் சேத்து கேக்காத உட்டுட்டேன்."

நான் பின்னால் நடந்தேன். கொல்லையிலிருந்து ஒரு ஆள்காட்டி எழும்பி, எங்கள் இரண்டு பேரையும் ஊருக்குச் சொல்ல ஆரம்பித்தது.